கொடையும் மின்னிரசாயனமும்: கோட்டையூர் அழகப்பர் வரலாறு

படுவான்கரையிற் பிறந்தோர்க்குக் கல்லூரி என்பது நெடுங்காலம் வாவிக்கு அப்பால் இருந்த பொருள். வவுணதீவிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வயலுண்டு, மேய்ச்சல் நிலமுண்டு. வாவியிலே மீனும் இறாலும் உண்டு. ஆயின் உயர்கல்வியை விரும்பிய பிள்ளை சோற்றுப் பொதியைக் கையிற் கொண்டு, தோணியேறியோ வலையிறவு வழியாகவோ எழுவான்கரையை நாடியே வரவேண்டியிருந்தது. நீரைக் கடக்க இயலாத பிள்ளையின் படிப்பு நீர்க்கரையிலேயே நின்றுவிட்டது. இவ்விழா மலரைக் கையில் ஏந்தும் பழைய மாணவர் பலர், அவ்வாறு கடந்து வந்தவர்களே. கடக்க இயலாது நின்றவர்களையும் அவர்கள் அறிவார்கள்.

தமிழகத்தின் தென்பாகத்திலே, மழை குறைந்த செம்மண் நிலமாகிய செட்டிநாட்டிலும் ஒரு காலத்தில் நிலைமை இவ்வாறே இருந்தது. அரண்மனைகளை ஒத்த வீடுகள் அங்கு இருந்தன. கடல் கடந்து ஈட்டிய செல்வம் இருந்தது. காரைக்குடியில் ஒரு கல்லூரி மட்டும் இல்லை. அக்குறையைத் தம் வாழ்நாளிலே தீர்த்ததோடு அமையாது, தாம் கற்றறியாத ஒரு விஞ்ஞானத் துறைக்கும் தம் ஊரிலே இடமளித்த பெருமகன் ஒருவரின் வரலாற்றை நம் மாணவர் அறிதல் நன்று. அவர் டாக்டர் இராம. அழகப்பச் செட்டியார் ஆவர்.

செட்டிநாட்டுக் கொடை நம் மாவட்டத்துக்கு அந்நியமானதன்று. 1929ஆம் ஆண்டில் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் நிறுவிய பல்கலைக்கழகத்திலேதான், காரைதீவிற் பிறந்த நம் விபுலாநந்த அடிகள் 1931ஆம் ஆண்டு முதற் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார்கள். அடிகளோ தமிழ்ப் பேராசிரியராகுமுன் விஞ்ஞான ஆசிரியராய் விளங்கியவர்கள்; 1930களில் சென்னையில் நிகழ்ந்த கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கியவர்கள். ஆகவே, செல்வர் ஒருவர் தம் ஊரில் நட்ட மரத்தின் நிழல் கடலுக்கு அப்பாலும் விழும் என்பது நாம் கண்டறிந்த உண்மை.

பிறப்பும் கல்வியும்

அழகப்பர் 1909ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 6ஆந் திகதி, காரைக்குடியை அடுத்த கோட்டையூரிலே, நகரத்தார் மரபில், இராமநாதன் செட்டியாருக்கும் உமையாள் ஆச்சிக்கும் மகனாகத் தோன்றினார். அம்மரபில் ஆண்பிள்ளைகளுக்கு வகுத்திருந்த வழி யாவரும் அறிந்ததே. எழுத்தும் கணக்கும் ஓரளவு தெரிந்தவுடன் பெட்டியடிப் பையனாகக் கடையில் அமர்ந்து, பின்னர் பர்மாவுக்கோ மலாயாவுக்கோ இலங்கைக்கோ கப்பலேறிக் கொடுக்கல் வாங்கலிற் பழகுவதே அவ்வழி. கொழும்புச் செட்டியார் தெருவின் பெயரே அவ்வழி நடந்தோரை இன்றும் நினைவூட்டி நிற்கின்றது.

அழகப்பர் அவ்வழியினின்றும் சற்றே விலகினார். காரைக்குடியிற் பள்ளிக் கல்வியை முடித்த அவர், சென்னை சென்று மாநிலக் கல்லூரியிற் சேர்ந்து, ஆங்கில இலக்கியம் பயின்று எம். ஏ. பட்டம் பெற்றார். வணிகக் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் கணக்கேட்டை விடுத்துக் கவிதையை நாடியது அக்காலத்தில் வியப்புக்குரியதே. பின்னர் இலண்டன் சென்று சட்டம் பயின்று பாரிஸ்டரானார். அங்கேயுள்ள சாட்டர்ட் வங்கியிற் பயிற்சி பெற்ற முதல் இந்தியர் என்ற பெயரையும் பெற்றார். குரொய்டனில் விமானம் ஓட்டப் பழகி அதற்குரிய சான்றிதழையும் கைக்கொண்டார். இலக்கியம், சட்டம், வங்கித் தொழில், வானூர்தி என்று பலவற்றையும் நாடிய அம்மனம் இரசாயனத்தை மட்டும் முறையாகக் கற்றதில்லை. இதனை வாசகர் நினைவில் வைத்தல் வேண்டும். பின்னே வருவதற்கு இது பொருத்தமுடையது.

வணிகமும் நோயும்

நாடு திரும்பிய அழகப்பர் வட்டித் தொழிலிற் பணத்தை முடக்காது கைத்தொழிலில் இறங்கினார். 1937ஆம் ஆண்டில், அந்நாட் கொச்சி இராச்சியத்துப் புதுக்காட்டுக்கு அண்மையில் ஒரு நெசவாலையை நிறுவினார். ஆலையைச் சூழ்ந்தெழுந்த ஊர் இன்றும் அழகப்பநகர் என்றே வழங்குகின்றது. மலாயாவில் வெள்ளீயமும் இறப்பரும், இந்திய நகரங்களிற் காப்புறுதியும் உணவுவிடுதியும் திரையரங்கும், பங்குச் சந்தை வாணிகம், இறுதியில் ஒரு விமான நிறுவனம் என்று அவர் முயற்சிகள் விரிந்தன. நாற்பது வயதை எட்டுமுன்னரே இந்தியாவின் பெருஞ்செல்வருள் ஒருவராக அவர் எண்ணப்பட்டார். 1940களின் நடுவிலே பிரித்தானிய முடி அவருக்குச் சேர் பட்டம் அளித்தது. நாடு விடுதலை எய்தியபின் அப்பட்டத்தை அவர் துறந்தார்.

செல்வம் வளர்ந்த அக்காலத்திலேயே நோயும் வளர்ந்தது. அவரைப் பற்றியது தொழுநோய். அந்நோயின் கொடுமையை மட்டக்களப்பாருக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நம் வாவியின் நடுவே மாந்தீவிலே நெடுங்காலம் தொழுநோயாளர் மருத்துவமனை இயங்கியதை நாம் அறிவோம். தோணியில் அக்கரைக்குச் சென்றோர் பலர் மீண்டு வரவில்லை. மீண்டோரையும் ஊர் முன்போல ஏற்கவில்லை. உடல் படும் துன்பம் ஒருபுறமிருக்க, மனிதர் விலகிச் செல்லும் துன்பமே அந்நோயின் பெருந்துன்பம். நல்ல மருந்து 1940களிலேதான் வழக்கில் வந்தது. செல்வத்தால் வீட்டையும் வண்டியையும் வாங்கலாம். பக்கத்தில் அமரத் தயங்குவோரின் மனத்தை வாங்க இயலாது.

அந்நிலையில் உள்ளவர் உலகை வெறுத்து ஒதுங்குதல் இயல்பு. அழகப்பர் அவ்வாறு ஒதுங்கவில்லை. நோய் முற்றிய காலமும் கொடை பெருகிய காலமும் அவர் வாழ்விலே ஒன்றாகவே அமைந்தன. நோய்தான் அவரைக் கொடையாளர் ஆக்கிற்று என்று நாம் துணிந்து சொல்லுதல் தகாது. ஒருவர் நெஞ்சை மற்றொருவர் அளக்க இயலாது. தமக்கு வாழ்நாள் குறைவு என்பதை அறிந்த ஒருவர், நெடுங்காலம் நிற்கத்தக்கவற்றையே தேர்ந்து செய்தார் என்று மட்டும் சொல்லலாம்.

கல்லூரி எழுந்த கதை

1944ஆம் ஆண்டில், சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அவர் வழங்கிய ஐந்து இலட்சம் ரூபாயைக் கொண்டு, இரசாயனப் பொறியியலும் நெசவுத் தொழில்நுட்பமும் கற்பிக்கும் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கிற்று. கிண்டியில் இன்றும் அழகப்பர் பெயரோடு விளங்குவது அதுவே. திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்திலே தமிழாராய்ச்சி நிகழவும் அவர் பொருள் உதவினார். ஆயினும் தம் சொந்த மண்ணிற் கல்லூரி இல்லாக் குறை இருந்தது.

1947ஆம் ஆண்டு யூலை மாதத்திலே, அன்னி பெசன்ற் அம்மையாரின் நூற்றாண்டை ஒட்டிச் சென்னையில் ஒரு கூட்டம் நிகழ்ந்தது. பல்கலைக்கழகத் துணைவேந்தர் இலட்சுமணசுவாமி முதலியார் அங்கே பேசுகையில், விடுதலை பெறவிருக்கும் நாட்டுக்குக் கல்லூரிகள் மிகப்பல வேண்டுமென்பதை எடுத்துக்காட்டிச் செல்வர்கள் தத்தம் ஊர்களில் அவற்றை நிறுவ முன்வருமாறு வேண்டினார். கூட்டத்திலிருந்த அழகப்பர் எழுந்து, காரைக்குடியில் தாம் ஒரு கல்லூரியை நிறுவுவதாக அங்கேயே உறுதி கூறினார். மேடையிற் கூறிய உறுதிகள் மேடையிலேயே மாய்ந்துபோதலை நாம் பலமுறை கண்டிருக்கின்றோம். இவ்வுறுதி அவ்வாறு மாயவில்லை. கட்டடம் எழும்வரை காத்திராது, கிடைத்த மாளிகை ஒன்றிலேயே வகுப்புகளை நடத்தி, அடுத்த ஆகத்து மாதத்திலே, இந்தியா விடுதலை எய்திய அதே திங்களிலே, கல்லூரியைத் தொடங்கிவிட்டார்.

அதன்பின் வந்த பத்தாண்டுக்குள் காரைக்குடியின் புறத்தே கிடந்த பொட்டல் வெளி கல்விநகராயிற்று. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, பொறியியற் கல்லூரி, தொழில்நுட்பப் பயிலகம், உடற்பயிற்சிக் கல்லூரி, சிறுவர் பள்ளிகள் என்று ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. பெண்களுக்கெனக் கல்லூரி வேண்டியபோது, தாம் வாழ்ந்த இல்லத்தையே அதற்கு ஒழித்துக் கொடுத்தார். உள்ளதிலிருந்து சிறிது கொடுத்தல் ஒருவகை. தான் இருக்கும் இடத்தைவிட்டு எழுந்து கொடுத்தல் மற்றொருவகை. இரண்டாவதைச் செய்தோர் மிகச் சிலர்.

மின்னிரசாயன நிலையம்

அழகப்பரின் கொடைகளுள் மிகவும் வேறுபட்டதும், நம் விஞ்ஞான மாணவர் சிறப்பாக அறியவேண்டியதும் இதுவே. விடுதலை பெற்ற இந்தியா, தேசிய ஆய்வுகூடங்கள் பலவற்றை நிறுவத் திட்டமிட்டது. பௌதிகத்துக்குத் தில்லியிலும், இரசாயனத்துக்குப் பூனாவிலும், உலோகவியலுக்கு சம்செட்பூரிலும் இடம் குறிக்கப்பட்டது. மின்னிரசாயனத்துக்கும் ஒரு மத்திய ஆய்வுநிலையம் வேண்டுமென்று கருதியபோது, அதற்கென முந்நூறு ஏக்கர் நிலத்தையும் பதினைந்து இலட்சம் ரூபாயையும் அழகப்பர் வழங்கினார். ஆய்வுகூடங்கள் பெரும்பாலும் பெருநகரங்களையே சார்ந்தெழுந்த அக்காலத்தில், இவ்வாறு ஒன்று காரைக்குடிக்கு வந்து சேர்ந்தது.

1948ஆம் ஆண்டு யூலை மாதம் 25ஆந் திகதி பிரதமர் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். 1953ஆம் ஆண்டு சனவரி மாதம் 14ஆந் திகதி, உபசனாதிபதியாயிருந்த இராதாகிருஷ்ணன் அதனைத் திறந்து வைத்தார்.

மின்னிரசாயனம் என்பது யாது? மின்னோட்டத்தால் இரசாயன மாற்றத்தை நிகழ்த்துதலும், இரசாயன மாற்றத்தால் மின்னைப் பெறுதலும் அதன் இரு கூறுகள். உப்புநீரிலிருந்து எரிசோடாவும் குளோரீனும் பெறுதல், அலுமினியமும் மகனீசியமும் பிரித்தல், பாத்திரங்களுக்கும் பொறியுறுப்புகளுக்கும் மின்முலாம் பூசுதல் என்பன முதற் கூற்றைச் சேர்ந்தவை. கைவிளக்கின் மின்கலமும் மோட்டார் வண்டியின் பற்றரியும் இரண்டாவதைச் சேர்ந்தவை. இரும்பு துருப்பிடித்தலும் மின்னிரசாயன நிகழ்ச்சியே. உவர்க்காற்று வீசும் வாவிக்கரையில் வாழும் நமக்கு அதன் தொல்லை நன்கு தெரியும். இலங்கைக்கு எதிரே மண்டபத்தில், கடற்காற்றும் கடல்நீரும் உலோகங்களை எவ்வாறு அரிக்கின்றன என்பதை ஆராயும் நிலையம் ஒன்றையும் காரைக்குடி நிறுவனம் வைத்துள்ளது.

உலோகம் உண்ட வாயு

இனி, அழகப்பர் காலத்தில் அந்நிலையத்தார் எண்ணியிராத ஓர் ஆராய்ச்சி பின்னாளில் அங்கே நிகழ்ந்த வகையைக் கூறுவோம். அது ஐதரசன் வாயுவைச் சேமிக்கும் கலப்புலோகங்களைப் பற்றியது.

ஐதரசன் எல்லா மூலகங்களிலும் இலேசானது. எரிந்தால் நீரைத் தவிர வேறு கழிவு தராது. ஆயின் அதனைச் சேமித்தல் அரிது. வாயுவாக வைப்பின் பேரிடம் வேண்டும். இடத்தைக் குறைக்கப் பேரமுக்கம் வேண்டும். திரவமாக்குவதற்குப் பூச்சியத்துக்குக் கீழே 253 பாகை சதமளவு குளிர் வேண்டும். இத்தொல்லையின்றி அதனை அடக்கும் வழியை உலோகங்களே காட்டின.

பிரித்தானிய இரசாயனர் தோமஸ் கிரேயம் 1860களில் இதனைக் கண்டார். நீரை மின்பகுக்கும்போது எதிர்மின்வாயில் ஐதரசன் குமிழ்களாக எழுதலை நம் மாணவர் ஆய்வுகூடத்திற் கண்டிருப்பர். கிரேயம் பலேடியம் என்னும் உலோகத்தை எதிர்மின்வாயாக வைத்தபோது, குமிழ்கள் எழவேண்டிய வாயு உலோகத்தினுள்ளே மறைந்தது. தன் பருமனைப்போல ஏறக்குறைய தொள்ளாயிரம் மடங்கு வாயுவை அவ்வுலோகம் உட்கொண்டது. உட்கொண்டபோது கம்பி நீண்டது. உலோகத்தினுள் நின்ற ஐதரசன் தானும் ஓர் உலோகம்போல் நடந்து பலேடியத்தோடு கலப்புலோகம் ஆகிவிட்டது என்று அவர் கருதினார். கிரேயம் அப்போது அரச நாணயசாலைத் தலைவராய் இருந்தமையால், ஐதரசன் உண்ட பலேடியத்திற் சிறு பதக்கங்கள் அடித்து 1869ஆம் ஆண்டில் நண்பர்க்கு அளித்தார். அவ்வாண்டிலேயே அவர் மறைந்தார்.

பலேடியமோ பொன்னையொத்த விலையுடையது; ஆகவே அக்கண்டுபிடிப்பு நூறாண்டு நூல்களிலே தங்கிற்று. 1960களின் இறுதியில், ஒல்லாந்தின் ஐந்தோவன் நகரத்துப் பிலிப்ஸ் ஆய்வுகூடத்தார் வலிய காந்தங்களை நாடிச் சமாரியமும் கோபால்ற்றும் கலந்த உலோகத்தை ஆராய்ந்தனர். அது ஐதரசனை உட்கொள்ளுதலை எதிர்பாராது கண்டனர். அவ்வழியே சென்று, இலந்தனம் ஒரு பங்கும் நிக்கல் ஐந்து பங்குமாகச் சேர்ந்த கலப்புலோகத்தின் சிறப்பை அறிந்தனர். அதன் ஓரலகு ஐதரசன் அணுக்கள் ஆறினை ஏற்கும். அறை வெப்பநிலையில், வளிமண்டல அமுக்கத்தைவிடச் சிறிதே மிகுந்த அமுக்கத்தில், ஏற்றதைத் திரும்பத் தரும். நிறையிலே ஐதரசனின் பங்கு நூற்றுக்கு ஒன்றரைக்கும் குறைவே. ஆயின் ஒரே அளவு இடத்தில், திரவ ஐதரசனிலும் மிகுதியான அணுக்கள் அவ்வுலோகத்தினுள் நெருங்கி நிற்கும்.

இவ்வுலோகத்தை மின்கலத்தின் மின்வாயாக்கும் முறை எளிதிற் புரியத்தக்கது. கலப்புலோகத் தூளைப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் வைத்து மின்னேற்றினால், மின்வாயின் மேற்பரப்பில் நீர் பிரிந்து, ஐதரசன் அணு உலோகத்தினுள் நுழையும். ஐதரொட்சைட்டு அயன் கரைசலில் நிற்கும். மின்னிறக்கும்போது அவ்வணு வெளிவந்து அயனோடு கூடி மீண்டும் நீராகும். இலத்திரன் ஒன்று வெளிச் சுற்றிற் பாயும். எதிர்முனையில் நிக்கல் ஐதரொட்சைட்டு அதற்கு ஒத்தபடி மாறும். வாயு எழுவதுமில்லை, அடைபடுவதுமில்லை. ஒரு கிராம் கலப்புலோகம் கொள்ளக்கூடிய மின்னளவு, கணக்கின்படி 372 மில்லியம்பியர்-மணி ஆகும்.

எனினும் கணக்கில் அமைந்தது கலத்தில் அமையவில்லை. ஐதரசன் நுழையும்தோறும் உலோகம் பருமனில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு வீங்கும், வெளிவரும்தோறும் சுருங்கும். வீங்கிச் சுருங்கும் உலோகம் வெடித்துப் பொடியாகும். புதிதாகத் திறந்த மேற்பரப்பிலுள்ள இலந்தனம் காரக்கரைசலால் அரிக்கப்பட்டு ஐதரொட்சைட்டாகும். அரிக்கப்பட்ட பாகம் மீண்டும் ஐதரசனை ஏற்காது. ஆகவே சில நூறு முறை ஏற்றியிறக்குமுன் கலம் வலியிழந்தது. 1980களில் ஐந்தோவன் ஆராய்ச்சியாளர், நிக்கலில் ஒரு பகுதியை நீக்கிக் கோபால்ற்றையும், மிகச் சிறிதளவு சிலிக்கனையும் சேர்த்தனர். வீக்கம் குறைந்தது, உலோகத்தின் ஆயுள் பன்மடங்கு நீண்டது. 1990ஆம் ஆண்டளவில் யப்பானில் இவ்வகைக் கலங்கள் பெருமளவில் விற்பனைக்கு வந்தன. இவற்றின் மின்னழுத்தமும் பழைய நிக்கல்-கட்மியக் கலத்தைப் போன்று 1.2 உவோற்றே ஆதலால், நஞ்சுடைய கட்மியத்தை நீக்கி இவற்றை அவ்விடத்தில் வைத்தல் எளிதாயிற்று. 1997ஆம் ஆண்டில் யப்பானில் வெளிவந்த பிரியஸ் காரிலும் இவ்வகைப் பற்றரியே அமைந்தது. இன்று நம் வீதிகளில் ஓடும் ஹைபிரிட் கார்கள் பலவற்றின் உள்ளே, கிரேயம் கண்ட அவ்வாயுவே உலோகத்தினுட் சென்றும் மீண்டும் வருகின்றது.

காரைக்குடியின் பங்கு

தூய இலந்தனம் விலைமிக்கது. அதனைப் பிரித்தெடாது, இலந்தனமும் சீரியமும் ஏனைய அருமண் உலோகங்களும் கலந்தவாறே எடுத்தால் விலை குறையும். அவ்வாறு எடுப்பதை மிஷ் உலோகம் என்பர். அது பிறப்பது மொனசைற்று என்னும் கனிமணலில். தமிழர்க்கு அம்மணல் புதிதன்று. குமரிக்கு அண்மையிலுள்ள மணவாளக்குறிச்சிக் கரையில் அதனை 1909ஆம் ஆண்டில், அழகப்பர் பிறந்த அவ்வாண்டில், ஒரு செருமானிய இரசாயனர் இனங்கண்டார். நம் இலங்கையிலும் பேருவளைக் கரையில் அது உண்டு. திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டையின் கருமணலிலும் இல்மனைற்று முதலியவற்றோடு சிறிதளவு கலந்து கிடக்கின்றது.

மிஷ் உலோகத்திற் செய்த ஐதரசக் கலப்புலோகங்களை 2000களில் ஆராய்ந்தோருள் காரைக்குடி நிலையத்தாரும் இருந்தனர். அருமண் உலோகங்களின் விகிதம் மாறும்போது, மின்வாயில் நிகழும் தாக்கத்தின் வேகம் எவ்வாறு மாறுகின்றது என்பதை அவர்கள் அளந்து வெளியிட்டனர். இதற்கு முன்னரே, எரிசோடாத் தொழிலிற் கரியத்துக்குப் பதிலாக நெடிது நிற்கும் தைத்தானிய மின்வாய்களை உருவாக்கி அந்நிலையம் பெயர்பெற்றிருந்தது. செட்டிநாட்டுப் பொட்டலில் எழுந்த கூடம் உலகத்து ஆய்வேடுகளிற் பங்குகொள்ளலாயிற்று.

இவ்வகைக் கலம் இன்று எல்லாத் துறையிலும் வெற்றிகொண்டது என்று கூறுதல் பொய்யாகும். இலேசான இலிதியக் கலங்கள் வந்தபின், கைத்தொலைபேசிகளிலிருந்து இது விலகிற்று. முழுமையாக மின்னாலேயே ஓடும் கார்களும் இலிதியத்தையே நாடின. நிறையே இதன் குறை. ஆயின் எளிதிற் தீப்பற்றாமையும் பலகாலம் உழைத்தலும் இதன் நிறைகள். நிறையைப் பொருட்படுத்த வேண்டாத இடங்களில், ஓரிடத்தில் நிலைத்து நிற்கும் ஐதரசக் களஞ்சியமாக உலோகங்களைப் பயன்படுத்தும் முயற்சி இன்றும் நடைபெறுகின்றது. பகலிற் கிடைக்கும் வெயிலின் மின்னை இரவுக்கு எவ்வாறு வைத்துக்கொள்வது என்பது, வெயிலை நிறையப் பெற்ற படுவான்கரைக்கும் உரிய கேள்வியே.

மறைவும் எச்சமும்

நிலையம் திறந்தபின் அழகப்பர் நான்கு ஆண்டுகளே வாழ்ந்தார். இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருதளித்துச் சிறப்பித்தது. உடல் நலிந்துகொண்டே சென்றது. 1957ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 5ஆந் திகதி, நாற்பத்தெட்டாவது பிறந்த நாளுக்கு முதல்நாள், அவர் மறைந்தார். அவர் தொடங்கிய கல்விநிலையங்களை அடிப்படையாகக் கொண்டு, 1985ஆம் ஆண்டில் அழகப்பா பல்கலைக்கழகம் எழுந்தது.

அவர் மறைந்தபோது ஐந்தோவனின் கலப்புலோகம் எவர் கருத்திலும் தோன்றியிருக்கவில்லை. இலந்தனம் என்ற பெயரை அவர் கேட்டிருந்தாரோ என்பதும் ஐயமே. ஆங்கிலக் கவிதை பயின்று, பஞ்சு நூற்று வாழ்ந்த அவர், தமக்குப் பழக்கமில்லாத ஒரு துறைக்கு முந்நூறு ஏக்கர் நிலம் கொடுத்தார். அந்நிலத்தில் இன்னது விளையவேண்டுமென்று அவர் எழுதி வைக்கவில்லை. அதுவே அக்கொடையின் மேன்மை. காந்தம் தேடியோர் ஐதரசனைக் கண்டதும், கிரேயத்தின் பதக்கம் நூறாண்டின் பின் பற்றரியானதும் காட்டுவது இதுவே: அறிவின் விளைச்சலை முன்கூட்டிக் குறிக்க இயலாது, நிலத்தைப் பண்படுத்தி வைத்தல் மட்டுமே நம்மால் ஆவது.

இஃது அவர் ஒருவரால் மட்டும் ஆயிற்றென்றும் நினைத்தலாகாது. அரசு பொருள் தந்தது. விஞ்ஞானிகள் பெருநகர வாழ்வை விட்டு அவ்வூருக்கு வந்து உழைத்தார்கள். ஆலைத் தொழிலாளரின் வியர்வையும் அக்கொடையிற் கலந்திருந்தது. எனினும், முதலில் எழுந்து நின்று உறுதிகூற ஒருவர் வேண்டும். 1947ஆம் ஆண்டுக் கூட்டத்தில் அவ்வாறு எழுந்தவர், பலர் அருகிலமரத் தயங்கிய ஒரு நோயாளர்.

விழா எடுக்கும் நம் கல்லூரியின் பழைய மாணவருட் பெருஞ்செல்வர் சிலரே. முந்நூறு ஏக்கர் எவரிடமும் கேட்க இயலாது, கேட்கவும் வேண்டுவதில்லை. ஓர் ஆய்வுகூட மேசை, ஒரு நுண்தராசு, வவுணதீவிலிருந்து நாடோறும் வாவி கடந்து வரும் ஒரு பிள்ளையின் ஓராண்டுச் செலவு என்பன நம் அளவுக்கு உட்பட்டவை. அப்பிள்ளை என்ன கற்பான், எதனைக் காண்பான் என்று கொடுப்பவர் கேட்டறிய முடியாது. கோட்டையூர் அழகப்பரும் கேட்டறியவில்லை, கேளாமலே கொடுத்தார்.